அண்ணியின் வயிற்றில் இரண்டு டியூப்

என் அண்ணிக்குச் சும்மா இருக்க வராது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். என் பிள்ளைகளும் அந்த வேனில்தான் போகிறார்கள். விடுமுறை நாளில்கூட நாலு பீரோவை இடம் மாற்றி வைத்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். அப்படிப்பட்டவளை ஆபரேஷன் செய்து கட்டிலில் போட்டுவிட்டு, பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நாத்தனார் என்றால் சும்மாவா!

அண்ணி முன்பு நல்ல பருமன். பிடிவாதமாக எடையைக் குறைத்தாள். உடம்பு இளைத்ததே தவிர, வயிற்றுத் தோல் அவளோடு இளைக்க மறுத்துவிட்டது. மடிப்பாகத் தொங்கி, சீட் பெல்ட் பட்டுப் பட்டுப் புண்ணாகிவிட்டது. அதை வெட்டியெடுத்துத் தைப்பதும் பிளாஸ்டிக் சர்ஜரிதான் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்களுக்குப் புரியவில்லை. "ஏன், சினிமாவுல நடிக்கப் போறாளா?" என்று என் சித்தி போனிலேயே கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு, சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடிவயிற்றின் இரண்டு பக்கமும் தோலுக்குள்ளிருந்து ஒவ்வொரு டியூப் வெளியே வந்தது. ஒவ்வொன்றின் நுனியிலும் உள்ளங்கை அளவு ரப்பர் குடுவை. அதை நசுக்கிக் காற்றை எடுத்து மூடினால், உள்ளே ஊறும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். காலையும் மாலையும் நான் அதைத் திறந்து, அளவுக் கோப்பையில் ஊற்றிப் பார்த்து, கிளினிக் நர்ஸுக்குப் போனில் சொல்ல வேண்டும். நீர் நன்றாகக் குறைந்தால்தான் டியூபை எடுப்பார்களாம்.

அண்ணிக்கு அவசரம். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. அவளுடைய வேனுக்குத் தற்காலிகமாக வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். திறக்கிற அன்று அவள் ஸ்டியரிங்கில் இல்லாவிட்டால், அந்த ஆளே நிரந்தரமாகிவிடுவான் என்ற பயம் அவளைத் தூங்க விடவில்லை. குடுவைகளை நைட்டிக்குள் ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். தெருவில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் எட்டிப் பார்த்தாள்.

"நர்ஸ் என்ன சொன்னாங்க?"

"இன்னும் குறையலையாம் அண்ணி."

"அய்யோ, எப்பத்தான் குறையுமோ!"

எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. காலையில் கொஞ்சமாக இருக்கும் நீர், நான் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் குடுவை கொள்ளாமல் நிறைந்திருக்கும். ஒரு மதியம் தலைவலி என்று சீக்கிரம் வந்தேன். அண்ணி குளியலறையில் குத்தவைத்து உட்கார்ந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டியூபில் ஓடிய நீர் நல்ல சிவப்பாக இருந்தது.

"உங்களுக்கு என்ன பைத்தியமா அண்ணி?" என்று கத்தினேன்.

திருட்டு முழி முழித்தாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மெக்கானிக்கான என் அண்ணன், ஏதோ பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்திருக்கிறான்.

"காஞ்சு போன ஹோஸ் பைப்போட ஒட்டிக்குமாம். இழுத்தா பிச்சுக்கிட்டுதான் வருமாம். ஈரமா இருக்கறப்பவே கழட்டிரணும்னாரு. அதான், உள்ள காயாம இருக்கட்டும்னு கொஞ்சம் குனிஞ்சு நிமிர்ந்தேன்."

"ஈரமா இருந்தா கழட்ட மாட்டாங்களே!"

"அதான் எனக்கும் ஒண்ணும் புரியல" என்றாள். இருட்டிலும் மழையிலும் வேன் ஓட்டுகிறவள், அந்தச் சின்ன டியூபுக்கு இப்படிப் பயந்திருக்கிறாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது. நர்ஸுக்குப் போன் செய்து சிவப்பாக வந்ததைச் சொன்னேன். குனியாமல் ஓய்வாக இருக்கச் சொல்லுங்கள், அப்படியும் சிவப்பு குறையவில்லை என்றால் உடனே அழைத்து வாருங்கள் என்றார். நான் லீவு போட்டுக் காவல் இருந்தேன். வீட்டுக்குள் மெல்ல நடக்கலாம், வேறு எதையும் தொடக் கூடாது. அவள் பட்ட பாடும் என்னைப் படுத்திய பாடும் கொஞ்சமில்லை. ஆனால் சிவப்பு மாறி மஞ்சளாகி, நீரும் மளமளவென்று குறைந்தது.

கிளினிக்கில் கதையைக் கேட்ட நர்ஸ் சிரிக்கவில்லை. "டியூப் ஒட்டாதும்மா, அதுக்குத்தான் வழவழன்னு செஞ்சிருக்காங்க. உள்ள தோலும் சதையும்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும். அது ஒட்ட ஒட்ட நீர் குறையும். நீங்க தரையைத் தேய்ச்சுத் தேய்ச்சு அதைப் பிரிச்சு விட்டிருக்கீங்க."

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். டியூபைப் பிடித்திருந்த தையலை நர்ஸ் வெட்டினார். குடுவையைத் திறந்து, உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"மூச்சை நல்லா இழுங்க. இப்ப மெதுவா விடுங்க."

விடும்போதே ஒரே சீராக இழுத்துவிட்டார். விரல் நீளம்தான் உள்ளே இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது பாட்டுக்கு முழங்கை நீளம் வந்துகொண்டிருந்தது. அண்ணி பல்லைக் கடித்தாள். இரண்டாவது கொஞ்சம் கூடுதலாக எரிந்ததாம். உள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி இருந்ததாம். அதற்குள் முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள். இதற்காகவா இத்தனை நாளைத் தொலைத்தோம் என்ற ஆத்திரம் அந்தக் கேள்வியில் இருந்தது.

ஓட்டைகளுக்குத் தையல் போடவில்லை, பஞ்சு வைத்து ஒட்டினார்கள். ஓரிரு நாள் கசியும், தானாக மூடிக்கொள்ளும், பயப்பட வேண்டாம் என்றார் நர்ஸ். வயிறு தண்ணீர்ப் பை மாதிரி வீங்கினாலோ, சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ உடனே வரச் சொன்னார்.

டாக்டர் வந்ததும் அண்ணி முதல் வேலையாகக் கேட்டாள். "நான் எப்ப வண்டி ஓட்டலாம்?"

"இன்னும் சில வாரம் போகட்டும். திடீர்னு ஒரு பிரேக், ஓங்கி மிதிச்சாலும் வலிக்கக் கூடாது. அப்புறம் நானும் பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் போனதும் அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தடுப்பதற்குள் வலது காலைத் தரையில் ஓங்கி மிதித்தாள். முகம் சுருங்கியது. வலிக்கவில்லை என்று சாதிக்கப் போகிறாள், நாம் ஒரு சண்டை போட வேண்டியதுதான் என்று நான் தயாரானேன். அவள் போனை எடுத்துத் தலைமையாசிரியைக்கு அடித்தாள்.

"மேடம், திறக்கற அன்னைக்கு நான் வரல. பிரேக் மிதிச்சா வயிறு இழுக்குது. பின்னாடி பிள்ளைங்க உக்காந்திருக்கறப்ப, வலிக்குமோன்னு யோசிச்சு மிதிக்கக் கூடாது மேடம். அந்த ஆளே ஓட்டட்டும்."

எப்போது வர முடியும் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள் போலிருக்கிறது. "தெரியல மேடம்" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்தாள்.

"என்ன சொன்னாங்க அண்ணி?"

"பாக்கலாம்னாங்க."

இத்தனை நாளில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போது அழுதாள். அழுதால் வயிறு வலிக்கிறது என்று இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் பிள்ளைகளை இவள் வண்டியில் மட்டும்தான் ஏற்றி அனுப்புவேன் என்று தோன்றியது. அதை அவளிடம் சொன்னேன்.