குனிந்தால் இருட்டுகிற வேலை

மடியில் ஆறு ஜாக்கெட் கிடக்கிறது. ஒன்றுக்குக் கொக்கி கட்டி முடித்ததும் நாலு வரி எழுதுகிறேன், பிறகு அடுத்த ஜாக்கெட். கொக்கி கட்டுகிறவளுக்கு ஊசி நூலைவிட குனிந்த தலைதான் முக்கியம். தலைவலியோடு குனிந்து வேலை செய்கிற அக்காமார்களே, இது உங்களுக்குத்தான்.

நீர் கோத்தது

போன ஆடியில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தாலே மண்டைக்குள் யாரோ பலூன் ஊதுகிற மாதிரி இருக்கும். குனிந்தால் இன்னும் முட்டும். காதுக்குள் உஸ் உஸ்ஸென்று சத்தம் வேறு. ஈரத்தலையோடு படுத்ததால் நீர் கோத்துக்கொண்டது என்று மாமியார் முடிவு கட்டினார். நெற்றிக்குச் சுக்குப் பத்து போட்டு, நொச்சித்தழை கொதிக்கிற குண்டான் மேல் என்னைக் குனியவைத்து, கம்பளியால் மூடினார். குனிந்ததும் கண் இருட்டி, குண்டானோடு கவிழப் பார்த்தேன்.

"பாத்தியா, நீரு எறங்குது" என்றார் மாமியார், கம்பளியை விலக்காமலே.

வசந்தாக்கா ஜாக்கெட்

பார்வை மங்க மங்க, கொக்கி ஒரு இடம் தள்ளி விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். பெருநகர் கிராமத்து வசந்தாக்கா அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கே போய் வந்துவிட்டார். கோபப்படவில்லை.

"உன் தையலு நல்லாத்தான் கீது. எனக்குத்தான் ஒரு தோளு ஏறிப்போச்சி."

கண்ணாடி வாங்கப் போனது

அவரேதான் என்னைத் துருவித் துருவிக் கேட்டு, உத்திரமேரூரில் கண் டாக்டரிடம் இழுத்துப்போனார். என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். குனிந்தால் இருட்டுவது, காதுச் சத்தம், கோணல் கொக்கி எல்லாவற்றையும் வசந்தாக்காதான் சொன்னார். டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மண்டைக்குள் அழுத்தம் ஏறி, கண்ணின் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறது, விட்டால் பார்வை போய்விடும் என்றார். எனக்கு ரெண்டு வயது மகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

"கண்ணாடி வாங்கலாம்னு இட்டாந்தா, இன்னாடி இது, இம்மாம் பெரிய சமாச்சாரத்த உள்ள வெச்சிக்கினு கீற?"

முதுகில் எடுத்தது

செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை. என்னைச் சுருட்டிப் படுக்கவைத்து, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து அழுத்தம் பார்த்தார்கள். ஏகத்துக்கு இருந்தது. பிள்ளை பெற்று உடம்பு ஏறிய பெண்களில் சிலருக்கு, காரணம் பிடிபடாமலே இப்படி வருமாம். மாத்திரை சாப்பிடணும், எடை குறைக்கணும். வீட்டில் வந்து சொன்னதும் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் அன்னிக்கே நீருன்னேன். நான் நெத்தியில தேடுனேன், அவுங்க முதுகுல எடுத்தாங்க. வேற இன்னா வித்தியாசம் கீது?"

வெளிச்சப் பொட்டு

நேற்று பக்கப் பார்வை சோதித்தார்கள். பெட்டிக்குள் வெளிச்சப் பொட்டு மின்னினால் பொத்தானை அமுக்கணும். தப்பாகிவிடுமோ என்று நான் யோசித்து யோசித்து அமுக்கியதில் பாதிக் கண் இல்லை என்று வந்தது. மிஷின் பார்க்கிற பொண்ணு மறுபடி உட்காரவைத்தாள். இந்தத் தடவை பார்வை தப்பித்தது என்று தெரிந்தது; விளக்கடித்துப் பார்த்த டாக்டரும் நரம்பு வீக்கம் வடிந்துவிட்டது என்றார். இடது ஓரம் மட்டும் கொஞ்சம் போனது போனதுதானாம்.

"மிஷின்கிட்ட இன்னா வெக்கம் உனக்கு?" என்றாள் அவள்.

ஆக நான் கண்டது என்னவென்றால், மண்டை வலிக்கிறவள் ஊசியைக் கோக்கிறதுக்கு முன்னாடி வாயைத் திறக்கணும், இல்லாவிட்டால் — இதோ இடது பக்கம் மகள் கூப்பிடுகிறாள், முழுசாகத் திரும்பினால்தான் அவள் முகம்—