மலைக்கும் சமவெளிக்கும் ஒரே சைக்கிள்

எல்கடுவ மலைப்பாதையில் தினுஷா சைக்கிளில் இறங்கும் வேகத்துக்கு அவளுடைய நிழலால் ஈடு கொடுக்க முடியாது. அவள் மாத்தளை டவுனுக்கு வந்து, தான் வேலை செய்யும் பாமசி மருந்துக்கடையைத் திறந்து, கூட்டி முடித்த பிறகுதான் அது மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். நான் கண்ணால் கண்டது. நம்பாதவர்கள் நிழலிடமே கேட்டுக்கொள்ளலாம்.

தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அங்கேயே தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்யும் சசிக்குமாரைக் கட்டிக்கொண்டவள். காலையில் மலையிறங்கிப் பாமசி வேலைக்கு வருவாள். மாலையில் மிதித்தே மேலேறுவாள். போட்டிக்குப் பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது, அந்தப் போக்குவரத்துதான் பயிற்சி. பெருமழையில் மண் சரிந்து பாதைகள் அடைபட்டபோது, சைக்கிளைத் தோளில் தூக்கிச் சேற்றைக் கடந்து, உக்குவளையில் இருக்கும் எனக்கு இன்சுலின் கொண்டுவந்து தந்தவளும் அவள்தான். இதை எழுத நான் இருப்பதே அதனால்தான். அவளுடைய பழைய சைக்கிளின் ஆயுசு மட்டும் அந்தச் சேற்றோடு முடிந்துவிட்டது.

என் மகன் இப்திகாருக்கு டவுனில் சைக்கிள் கடை. அவனிடம் ஏற்கெனவே யாரோ பாவித்த ரேஸ் சைக்கிள்கள் இரண்டு வந்திருந்தன.

"இதுல ஒன்ன எடுங்க தங்கச்சி. மத்தத கண்டியில ஒருத்தர் கேட்டு ஈக்கிறார். சல்லிப் பேச்சு எடுத்தீங்கண்டா உம்மாக்கிட்ட சொல்லிக் குடுப்பன்" என்று தினுஷாவிடம் காசு வாங்க மறுத்தான். உம்மா என்றது என்னை.

வில்கமுவையில் மாகாண சைக்கிள் அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகத் தனியே ஓடவிட்டு நேரம் பிடிப்பார்கள். போன வருடம் ஒரே ஓர் இடத்தால் அணியைத் தவறவிட்டவள் தினுஷா. இந்த முறையும் விட்டால், இனிப் போட்டியே வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

ஒரு சைக்கிள் இந்த மாதிரிப் போட்டிக்கென்றே செய்தது. முழங்கைகளை ஊன்றி, கைகளை முன்னே நீட்டிக் குனிந்துகொண்டால் காற்றுக்கே தெரியாமல் நழுவிப் போகலாம். மற்றது வளைந்த கைப்பிடி வைத்தது, எல்லா ரோட்டுக்கும் ஏற்றது.

"இதப் பாரு, ஏரோப்ளேன் மாதிரி இருக்கு! கப்பு நம்ம வீட்டுலதான்" என்றான் சசிக்குமார்.

"போட்டி ஒரு நாளைக்கு. தெனம் மல ஏறுறது நானு."

"ஏறிருவ புள்ள. முடியாட்டி நான் தள்ளுறேன்."

"நீங்க தள்ளுனா அடுத்த பொங்கலுக்குத்தான் வீடு போய்ச் சேருவேன்."

ஆனாலும் அவளுக்கும் உள்ளூர ஆசைதான். லீவு போட்ட ஒரு நாள் ஏரோப்ளேனை எடுத்துக்கொண்டு மலையேறி, கைகளை நீட்டிக் குனிந்தபடி இறங்கினாள். வளைவில் ஒரு மாடு நின்றது. பிரேக்கோ கைப்பிடியின் இரண்டு ஓரங்களிலும் இருந்தது. கைகள் அங்கே போய்ச் சேருவதற்குள் சைக்கிள் ரோட்டோரம் அடுக்கியிருந்த தேயிலைக் கொழுந்து மூட்டைகளுக்குள் புகுந்துவிட்டது. அவளைத் தோண்டியெடுக்க ஒரு மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும் வேண்டியிருந்ததாம். அன்று அரைத்த தேயிலையில் செயின் எண்ணெய் மணந்ததாகவும், ஏலத்தில் அதற்குத் தனிக் கிராக்கி இருந்ததாகவும் சொல்கிறார்கள்.

முழங்கைச் சிராய்ப்போடு கடைக்கு வந்தாள். இப்திகாரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, இத கண்டிக்காரருக்கே குடுத்துருங்க. போட்டியில மாடு வராது, எங்க ரோட்டுல தெனம் வரும்."

"அப்ப வில்கமுவ?"

"அங்கயும் மத்த சைக்கிள்தான். நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்."

இப்திகார் பண்ணினான். வளைந்த கைப்பிடியின் மேல், முழங்கை ஊன்றும் கம்பிகளைக் கழற்றிப் பூட்டும்படி பொருத்தினான். முதல் தடவை குனிந்தபோது முழங்கால் வயிற்றில் இடித்தது. சீட்டைச் சற்று உயர்த்தி முன்னே தள்ளியதும் சரியானது. வேலைக்குப் போக ஓர் அளவு, போட்டிக்கு ஓர் அளவு என்று தினுஷாவின் நகப்பூச்சாலேயே அடையாளம் வைத்தான். ஞாயிறுகளில் சமதரையைத் தேடிப் போய், அந்தக் குனிந்த கோலத்திலேயே பழகினாள்.

போட்டியன்று வில்கமுவையில் வயலுக்கு நடுவே கோடு போட்ட மாதிரி ரோடு. கோடி வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வரும் வழியில் பாதி ரோட்டில் யாரோ நெல் காயப் போட்டிருந்தார்கள். முன்னால் போன பலர் அதன்மேல் ஏறி, டயர் வழுக்கித் தடுமாறினார்கள். தினுஷா கையை இறக்கிப் பிரேக்கைத் தொட்டு, மிஞ்சிய ஓரத்தால் ஒரு மணி நெல் சிதறாமல் சுற்றிப் போனாள்.

பெயர்களை வாசித்தார்கள். முதலாவது அவளில்லை. இரண்டாவதும் இல்லை. அணியின் கடைசிப் பெயர் அவளுடையது.

"அடியே, ஒம் பேருதான்!" என்று குதித்த சசிக்குமார் வாய்க்காலுக்குள் விழுந்தான். அவனைத் தூக்கிவிட வந்தவர்களில் நெல்லுக்குச் சொந்தக்காரியான சிங்களக் கிழவியும் ஒருத்தி. "என் நெல்லை மிதிக்காமல் போன பிள்ளை நீதானே?" என்று சிங்களத்தில் கேட்டு, புது அரிசி ஒரு பை கொடுத்தாள்.

தினுஷா அதை நேரே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"இது ஒங்களுக்குத்தான் உம்மா. சைக்கிள் குடுத்த வீடு."

"என்ன மகள் பேசுறீங்க? மருந்து தந்த கைக்கு நாங்கதான் தரணும்."

"ரெண்டு பேரும் மாறி மாறி நன்றி சொல்லி முடியிறத்துக்குள்ள சோறு ஆறிடும்" என்றான் இப்திகார்.

எல்லோரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் இரண்டாம் தடவை சோற்றை என் பக்கம் இழுத்தபோது பாமசிக்காரி முறைத்தாள். அவளுக்காக இறைவனிடம் துஆ கேட்கிற பாவனையில் கண்களை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். துஆவும் உண்மையாகவே கேட்டேன்.