முப்பதாவது நிமிடம்

நனைந்த இரும்பின் வாடை மூக்கில் பட்டால் இன்றும் நான் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். அது அப்பாவின் வால்வுச் சாவியின் வாடை; நெஞ்சுயரக் கம்பி, மேலே குறுக்காக ஒரு பிடி. கோவில்பட்டியில் சில தெருக்களுக்கு முறைவைத்து "நல்ல தண்ணி" திறந்துவிடும் தற்காலிக வேலை அவருக்கு. பன்னிரண்டு நாளைக்கு ஒருதரம் வரும் தண்ணீர் என்பதால் அவருக்குத் தெருவில் "தண்ணி அண்ணாச்சி" என்று பெயர்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, ஊர்ப் பிரச்சினைகளைப் பற்றி நகராட்சித் தலைவரைப் பேட்டி எடுக்க வானொலிக்காரர்கள் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். கேள்வி கேட்க நான்கு பிள்ளைகளைப் பொறுக்கியதில் நானும் ஒருத்தி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் ஏறிய முதல் ஆள் நான்; அந்த மிதப்பு எனக்கு அதிகம். டீச்சர் எழுதித் தந்த கேள்வி சாலையோர மரங்களைப் பற்றியது. மைக் முன்னால் நின்றதும் அதை விட்டுவிட்டு, வீட்டில் அப்பா முனகும் கேள்வியையே கேட்டுவிட்டேன்.

"எங்க தெருவுக்கு அரைமணி நேரந்தான் தண்ணி. உங்க தெருவுக்கு மட்டும் ஏன் மூணு மணி நேரம்?"

தலைவர் சிரித்தார். "இத யாரு சொன்னா, பாப்பா?"

"எங்க அப்பா. அவியதான் வால்வு திறக்காவ."

டீச்சரின் கை என் தோளை இறுக்கியபோதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

அப்பா அடிக்கவில்லை. "தலைவருக்குத் தெரிஞ்சது பெருசில்லட்டி. ஊரே கேட்டுட்டா என்னைய நிறுத்தாம விடமாட்டாவ" என்று மட்டும் சொன்னார். ஒலிபரப்புக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. வாசலில் பைக் நின்றால் வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி ஆள் வந்துவிட்டதென்று ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். "படிக்க அனுப்புனா நாக்கத் தீட்டிட்டு வந்திருக்கா" என்றாள் அம்மா.

ஒலிபரப்பு நாளான சனிக்கிழமை, அம்மா வேலை பார்த்த "தீப்பெட்டி ஆபீஸில்", குச்சி அடைக்கும் பெண்களுக்கு நடுவே, ரேடியோவின் கீழே அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பிள்ளை கேட்டாள், இரண்டாவது, மூன்றாவது. பிறகு நிகழ்ச்சி முடிந்தது. என் குரலே இல்லை. ஆனால் என் கேள்விக்குத் தலைவர் சிரித்த அதே சிரிப்பை, நான் கேட்காமல் விட்ட மரக் கேள்வியை மூன்றாவது பிள்ளையைக் கேட்கவைத்து, அதன் பின்னால் ஒட்டியிருந்தார்கள்.

"என்ன ரேடியோக்காரி, ஒன் குரல எங்கன விட்டுட்டு வந்த?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அம்மா நிம்மதியாகக் குச்சி அடைக்கத் திரும்பினாள். எனக்கு அழுகை வந்தது. பயம் தீர்ந்ததாலா அவமானத்தாலா, தெரியவில்லை.

சாயங்காலம் அப்பா, "நல்லதாப் போச்சு" என்றார். சாவியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, "ஆனா கேட்டது நியாயந்தாம்ட்டி" என்றார்.

அடுத்த முறை எங்கள் தெருவுக்கு அரைமணி கடந்தும் அப்பா தண்ணீரை அடைக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. பெண்கள் அண்டாக்களையும் சட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அப்பாவின் வேலை போய்விடுமென்று பயந்து, அது நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் அந்தத் தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

யாரும் அப்பாவை எதுவும் கேட்கவில்லை. இன்று தீப்பெட்டி ஆபீஸில் ரேடியோ கிடையாது, ஆளுக்கொரு போன். அந்தச் சாவி இப்போது யார் கையில் இருக்கிறதோ. அப்பா வீட்டில் ஓய்வாக இருக்கிறார். குழாயில் தண்ணீர் சீறும்போதெல்லாம் நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்; முப்பது நிமிடம் தாண்டினால், என்னையறியாமல் உள்ளே ஒரு குரல் கெஞ்சுகிறது: "போதும்ப்பா, அடைச்சிருங்க."