அப்பா கொடுத்த சிவப்புப் புள்ளிக் கல்

என் கல்யாணச் சீரோடு அப்பா ஓர் ஆட்டாங்கல்லையும் வண்டியில் ஏற்றி அனுப்பினார். மோகனூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது கிடைத்த பாறையில் செய்தது. கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓட, நடுநடுவே மாதுளை முத்துப்போலச் சிவப்பு மணிகள். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நகராத மனிதர், கல்லை மட்டும் அழகுக்காக எடுத்துவிட்டார். கல் கொத்துகிறவர் வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லையாம்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் என் மாமியார் வீடு. புதுக் கல்லாயிற்றே என்று மூன்று நாள் தவிட்டைப் போட்டு ஆட்டிக் கழுவிவிட்டு, அதற்கப்புறம்தான் இட்லிக்கு ஆட்டினேன். மாமனார் முதல் வாயிலேயே நறுக்கென்று கல்லைக் கடித்தார். அடுத்த தடவையும் அதே கதை.

"பல்லு போனா ஆரு குடுப்பா? உங்கப்பாகிட்டயே திருப்பி அனுப்பிரலாம் அம்மிணி" என்றார் மாமியார்.

சீர் திரும்பிப் போனால் ஊர் நாலு பேசும், பேசட்டும். அப்பாவின் முகம் எப்படிச் சுருங்கும் என்று நினைத்துத்தான் எனக்கு அழுகை முட்டியது.

என் வீட்டுக்காரர் சென்னையில் பூகர்ப்ப சாஸ்திரம் படித்தவர். என் அழுகையை நிறுத்தக் கல்லருகே உட்கார்ந்து பாடம் நடத்தினார். இந்தக் கல் ஒரு காலத்தில் வெறும் சேறாம். மலைகள் எழும்பியபோது மைல்கணக்கான ஆழத்தில் சிக்கிக்கொண்டதாம். மேலே மலையின் பாரம், கீழே பூமியின் சூடு. அப்படியும் உருகவில்லை, கெட்டியாக இருந்தபடியே உள்ளே எல்லாம் மாறி, வரி விழுந்து, அந்தச் சேற்றிலிருந்தே சிவப்பு மணிகள் விளைந்தனவாம். மேலிருந்த மலை தேய்ந்து கரைந்த பிறகு, அது அப்பாவின் கிணற்றுக்குள் தலைகாட்டியிருக்கிறது.

"அப்ப நல்ல கல்லுத்தானுங்களே?" என்றேன்.

"கல்லு நல்ல கல்லுதான். ஆனா அந்த மணி மத்ததைவிடக் கெட்டி. சுத்தி இருக்கறது தேயத் தேய அது தனியாப் பேந்து வந்துரும். எத்தனை தவிடு போட்டாலும் நிக்காது."

இதைச் சொல்லவா பட்டணம் போய்ப் படித்தார்? இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரமே அப்பா வருவதாகச் சொல்லி அனுப்பினார். முந்தின நாள் சாயங்காலம், ஊறிய அரிசியை மாமியாரே வீட்டுப் பழைய கல்லை விட்டுவிட்டு அப்பாவின் கல்லில் கொட்டினார். கடித்துப் பார்த்து அப்பாவே தெரிந்துகொள்ளட்டும் என்று செய்கிறார் போலும். கோபத்தோடு குழவியைச் சுழற்றினேன்.

காலையில் அப்பா நாலு இட்லி சாப்பிட்டார். அவர் வாயில் கல் அகப்படவில்லையா, அகப்பட்டும் விழுங்கினாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. கை கழுவும்போதுதான் மாமியாரைக் கேட்டார்: "ஏனுங்க தங்கச்சி, கல்லு நல்லா அரைக்குதுங்களா?"

மாமியார் ஓர் இட்லியைப் பிய்த்து வாயில் போட்டார். நறுக்கென்ற சத்தம் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அவர் முகம் மாறவில்லை.

"வெண்ணெயாட்டம் அரைக்குதுங்கண்ணா."

அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் வண்டி தெருக்கோடியில் திரும்பும்வரை மாமியார் வாசலில் நின்றார். பிறகு உள்ளங்கையில் துப்பினார். ஒரு சிவப்பு மணி. அதோடு அவருடைய கடைவாய்ப் பல்லின் சில்லு ஒன்று.

அவரைத் தப்பாக நினைத்ததற்கு நான் வெட்கிப்போய் நின்றேன். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"மத்த நாளைக்குப் பழைய கல்லு இருக்குது, சாமி. உங்கப்பா வாரப்ப மட்டும் இதுல ஆட்டு."