என் பீரோவில் ஐந்து தாவணிகள்

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருந்தேன். செங்கல்பட்டிலிருந்து தினமும் பேருந்தில் போய்வருவேன். கடலோரக் குப்பங்களில் எட்டாவது வரைதான் பள்ளி. அதை முடித்துவிட்டு எங்களிடம் வருகிற பிள்ளைகளில் யார் நிலைப்பார்கள், யார் காலாண்டுத் தேர்வோடு நின்றுவிடுவார்கள் என்று ஜூன் மாதமே எனக்கு மனம் அடித்துக்கொள்ளத் தொடங்கிவிடும்.

அந்த வருஷம் ஒரே குப்பத்திலிருந்து சில பையன்களும் ஐந்து பெண்களும் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பேருந்து, ஒரே நிறுத்தம். பையன்கள் பிரார்த்தனைக்கு வந்துவிடுவார்கள். பெண்கள் முதல் பாடவேளை முடியும்போது வியர்த்து வழிய வந்து வாசலில் நிற்பார்கள். முதல் பாடவேளை கணக்கு.

"வழியில கதை பேசிட்டு வர்றாங்க மேடம்" என்றார் தலைமையாசிரியர்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேறு காரணமும் தெரியவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே திரும்பித் திரும்பி வாசலைப் பார்ப்பேன். கடைசியில் ஒரு நாள் விடியற்காலை வண்டியைப் பிடித்து அந்த நிறுத்தத்துக்கே போய் நின்றேன்.

பேருந்து வந்தது. இலவச பாஸ் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்ததும் ஓட்டுநர் நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் கொண்டுபோய் நிறுத்தினார். பையன்கள் பறந்தார்கள். பெண்களும் ஓடினார்கள். எட்டாவது வரை அவர்களுக்குப் பாவாடை சட்டை. எங்கள் பள்ளியில் ஒன்பதாவது என்றால் தாவணி. ஒரு கையால் தாவணியை, மறு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, சரியும் பையோடு ஓடியதில் ஒருத்தி விழுந்தாள். மற்ற நால்வரும் நின்றுவிட்டார்கள். வண்டி போய்விட்டது.

விழுந்தவள் கணக்கில் கெட்டிக்காரி. அவளுடைய அம்மா சற்றுத் தள்ளி ஒரு டெம்போவில் மீன்கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தாமலே என்னிடம் சொன்னாள்.

"பாத்துக்கினியா டீச்சர்? தெனம் இதே பேஜாரு. வயசுக்கு வந்த பொண்ணு ரோட்ல வுயுந்து எயுந்து ஓடினா ஊரே சிரிக்குது. போதும், நிறுத்திடறேன்."

"இந்த டெம்போ எங்கங்க போகுது?"

"எங்க போவும்? உங்க ஊரு மார்க்கெட்டுக்குத்தான்."

"அப்ப இதுலயே அனுப்புங்களேன்."

அவள் சிரித்தாள். "மீன்கூட பக்கத்துல குந்திகினு வந்தா உன் கிளாஸ்ல மூக்க பொத்திக்க மாட்டாங்க? நீயே பொத்திக்குவ."

பொத்திக்கொள்வார்கள்தான். அன்று முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மாலையில் ஆசிரியர் அறையில் இருந்த என் பீரோவைத் திறந்தேன். சுண்ணக்கட்டிப் பெட்டிகள், விடைத்தாள் கட்டுகள், வரைபடங்கள், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தன. கீழ்த்தட்டைக் காலி செய்தேன்.

ஏற்பாடு இதுதான். வீட்டுத் துணியோடு டெம்போவில் வருவது. குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு, பீரோவிலிருந்து சீருடையை எடுத்து மாற்றிக்கொள்வது. மாலையில் மறுபடி மடித்து வைத்துவிட்டுப் போவது. வெள்ளிக்கிழமை மட்டும் துவைக்க எடுத்துப்போவார்கள்.

அந்த அம்மா யோசித்தாள். "முழுப்பரிச்ச வரிக்கும் பாக்கறேன். பாஸ் ஆவலன்னா வூட்டோட கெடக்கட்டும்."

ஐந்து நீலத் தாவணிகள், ஒவ்வொன்றின் மேலும் அவளவள் ஊக்கு. "ஜவுளிக்கடை ஆரம்பிச்சுட்டீங்களா மேடம்? ஆடித் தள்ளுபடி உண்டா?" என்று சக ஆசிரியர்கள் கேலி செய்தார்கள். சிரித்துவைப்பேன். கணக்குப் பாடவேளையில் ஐந்து பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. பாஸ் ஆக வேண்டுமே.

முழு ஆண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சை நாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் எங்கள் பேருந்தின் டயர் வெடித்தது. அப்போதுதான் உறைத்தது: பீரோ சாவி என் கைப்பையில் இருந்தது. வேறு சாவி கிடையாது. சீருடை இல்லாமல் தேர்வறைக்குள் விடமாட்டேன் என்று தலைமையாசிரியர் முந்தின நாள்தான் பிரார்த்தனையில் சொல்லியிருந்தார்.

இறங்கிச் சாலையோரம் நடந்தேன். திரும்பி வந்தேன். நடத்துநரிடம் கேட்டதையே மறுபடி கேட்டேன். பின்னால் வந்த வண்டியில் படிக்கட்டில்தான் இடம் கிடைத்தது. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பைக்குள் சாவியையும் பிடித்துக்கொண்டு போனேன்.

பள்ளிக்குள் நுழையும்போது தேர்வு தொடங்கிவிட்டிருந்தது. வாசலில் காவல்காரர் சிரித்துக்கொண்டு நின்றார்.

"உன் கிளாஸ் பொண்ணு பெரிய ஆளு டீச்சர். பெரிய சாரு, 'யூனிபார்ம் எங்க?'ன்னு கேட்டாரா? 'சாவி பஸ்ல வந்துகினு கீது சார். நாங்க வந்துட்டோம், பேப்பர் குடுங்க'ன்னுச்சு. அவருக்கே சிரிப்பு வந்துட்ச்சு. உள்ள வுட்டுட்டாரு."

தேர்வறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். அன்று சாலையில் விழுந்தவள் மஞ்சள் பாவாடையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் மீன் வாடை அறையெங்கும் சுற்றியது. பக்கத்து வரிசைப் பையன் மூக்கைப் பொத்தவில்லை. அவள் தாளை எட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தான்.

தேர்வு முடிந்து நேரே ஆசிரியர் அறைக்கு என்னிடம் வந்தாள்.

"எப்படிம்மா எழுதின?"

"கடைசிக் கணக்க ரெண்டு வழில போட்டேன் டீச்சர். ரெண்டுலயும் ஒரே விடைதான்." பிறகு பீரோவைப் பார்த்தாள். "பத்தாவதுலயும் இது எங்களுக்கு உண்டா டீச்சர்? அங்க நீங்க கிளாஸ் டீச்சர் இல்லியே?"

தேர்வு முடிவுக்கு இன்னும் நாள் இருந்தது. அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் கொத்திலிருந்து பீரோ சாவியைக் கழற்றப் பார்த்தேன். வளையம் வழுக்கியது.

"இப்டி குடுங்க" என்று வாங்கி, நகத்தால் நெம்பி அவளே எடுத்துக்கொண்டாள்.