ஓட்டியவர் பெயர்

லாரிக் கம்பெனி ஆபீசில் என்னிடம் கொடுத்த ஃபாரம் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் பெயர், ஊர், ரத்த வகை. மீதி மூன்று பக்கமும் ஒரே விசாரணைதான். கடந்த ஏழு வருடத்தில் யாரிடம் வேலை செய்தீர்கள், எந்த வண்டி, அதன் நம்பர் என்ன, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, ஏன் நின்றீர்கள். நடுவில் ஒரு மாதம் காலியாக இருந்தால்கூட அதற்குக் காரணம் எழுத வேண்டும்.

அப்போது ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. லைசென்சைக் காட்டினால் சாவியை நீட்டிவிடுவார்கள் என்று நம்பி, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி ஒடுகத்தூர் தாண்டி அந்த ஆபீசுக்குப் போனவன் நான். விவரம் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருந்தது.

மேஜைக்குப் பின்னால் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"மலையாங்க? ஆந்திரா பக்கம் மரம் வெட்டப் போனதுண்டா?"

"இல்லீங்க. ஜீப்புதான் ஓட்டினு இருந்தேன்."

"தப்பா நெனைக்காதீங்க. புதுசா ஹெவி ஓட்ட வர்றவங்கன்னா, ஏழு வருஷம் இன்னா பண்ணாங்கன்னு முழுசா காட்டணும். இன்சூரன்ஸ்காரன் கேக்குறான்."

நான் தப்பாக நினைக்கவில்லை. மலைக்காரன் ஒருவன் ஒரு மாதம் கண்ணில் படாவிட்டால், கீழே இருப்பவர்களுக்குச் செம்மரக் கடத்தல்தான் ஞாபகம் வரும். கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி எனக்கு மரத்துப்போயிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பத் தொடங்கினேன். எங்களுக்கு மாதக் கணக்கு நிற்பதில்லை. சாமை அறுப்பின்போது இந்த வண்டிக்கு வந்தேன், புளி உலுக்கும்போது அந்த வண்டிக்கு மாறினேன் என்றுதான் மனதில் இருக்கும். அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாங்க இது, விவசாய ஆபீசுக்குக் குடுக்குற மாதிரி எழுதிருக்கீங்க? மாசம் போடுங்க."

நானும் சிரித்தேன். வேலை வேண்டும் என்றால் சிரிக்கத்தான் வேண்டும். மலையில் மினி பஸ் விட்ட பிறகு ஷேர் ஜீப்பில் ஏற ஆளில்லை. கடைசி மூன்று வருடம் நான் ஓட்டிய ஜீப்பை அதன் முதலாளி விற்றுவிட்டார். லாரி கிடைக்காவிட்டால் மனைவியையும் மூன்று வயது மகளையும் விட்டுவிட்டுக் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போக வேண்டும். அங்கே போன எங்கள் ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். பிள்ளைகள் அவர்களைப் பார்த்து ஓடி ஒளிகிறார்கள்.

மாதங்களைப் போட்டுக் கொடுத்தேன். கடைசி மூன்று வருடத்துக்கு முதலாளியின் கடிதம் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு வருடமும் நான் ஓட்டியது என் மச்சானின் ஜீப். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அந்த ஜீப்பின் நம்பரை ஆபீஸ்காரர் கம்ப்யூட்டரில் அடித்தார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"இந்த வண்டில ஒரு கேஸ் இருக்குதே. ஒரு அம்மா எறந்துருக்காங்க. நீங்க வேல செஞ்ச காலத்துலதான்."

"ஆக்சிடென்ட்டுங்க."

"ஓட்டினது ஓனருன்னு போட்டிருக்குது. அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

நான் லைசென்சை எடுத்து மறுபடி மேஜைமேல் வைத்தேன். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"ஓனர் கையால ஒரு லெட்டர் வாங்கியாங்க. அன்னைக்கு ஓட்டினது அவருதான், நீங்க இல்லன்னு தெளிவா இருக்கணும். அது வந்துட்டா வேல உங்களுக்குத்தான்."

அன்றைக்கு ஓட்டியவன் நான்.

போளூருக்கு இறங்கும் ரோட்டில் வனத்துறை செக்போஸ்ட் ஒன்று உண்டு. அங்கே ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். வண்டி நம்பர், எத்தனை பேர், ஓட்டியவர் பெயர். உள்ளே இருப்பவர் தலையைத் தூக்காமல் "யார் வண்டி?" என்பார். நாங்கள் வண்டி முதலாளியின் பெயரைச் சொல்வோம். அதை அவர் ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் எழுதிக்கொள்வார். மலையில் எந்த ஜீப்புக்கும் முதலாளியின் பெயர்தான் பெயர். டிரைவர் யாராக இருந்தால் யாருக்கு என்ன? நான்கு வருடமும் நான் என் பெயரை அங்கே சொன்னதே இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அன்றைக்குப் போளூர்ச் சந்தைக்குப் புளிக்கூடைகளோடு ஜீப்பில் இருபது பேர் இருந்தார்கள். செக்போஸ்ட் தாண்டி இறக்கத்தில் நியூட்ரலில் விட்டேன். டீசல் மிச்சமாகும் என்று நாங்கள் எல்லோரும் செய்வதுதான். மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. மறுபடி கியர் விழவில்லை. வண்டி மண்மேட்டில் ஏறிச் சாய்ந்தது. பின்படியில் நின்றிருந்த ஒரு பெண் அடியில் மாட்டிக்கொண்டார். வண்டியைத் தூக்கும்போது அவர் உயிரோடு இல்லை. புளி ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. யாரோ அதைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் ரோட்டோரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போலீஸ் வந்து முதலில் பார்த்தது செக்போஸ்ட் ரெஜிஸ்டரை. அதில் மச்சானின் பெயர் இருந்தது. ஆள் அனுப்பியபோது அவர் வீட்டில் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தாராம். வந்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நான்தான் சார் ஓட்னேன்" என்றார். யாரும் முன்கூட்டிப் பேசிவைக்கவில்லை. அன்று சாயங்காலம் என்னிடம் மட்டும் சொன்னார்: "ரெஜிஸ்டர்ல என் பேரு கீது. மாத்தி சொன்னா பொய்ப் பேரு குடுத்ததுக்கு ஒரு கேசு, இதுக்கு ஒரு கேசு. ரெண்டு பேரும் போவணும். உனக்குக் கொழந்த பொறந்து பத்து நாளு கூட ஆவல. வுடு."

நானும் விட்டுவிட்டேன். இருபது பேருக்கும் தெரியும். மலையில் எல்லோருக்கும் தெரியும். கீழே ஒருவருக்கும் தெரியாது. இறந்தவரின் கணவர் அதற்குப் பிறகும் நான் ஓட்டிய வண்டியில்தான் சந்தைக்கு வந்தார். அப்போது எங்கள் ஊர்ப் பக்கம் வேறு வண்டி இல்லை.

மச்சான் இரண்டு வருடம் வாய்தாவுக்கு அலைந்தார். ஆறு மாதம் உள்ளே இருந்தார். லைசென்ஸ் போயிற்று, ஜீப்பும் போயிற்று. வெளியே வந்ததும் தன் மனைவியின் ஊரான நெல்லிவாசல்நாட்டுக்கே போய்விட்டார். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அங்கே அவர்களுக்குக் கொஞ்சம் சாமைக் கொல்லை இருக்கிறது.

ஆபீசிலிருந்து வந்த மறுநாளே அங்கே போனேன். பாதித் தூரம் ஜீப், பாதித் தூரம் நடை. நடக்கும்போது என்ன சொல்லிக் கேட்பது என்று யோசிக்க முயன்றேன். செருப்பு வார் அறுந்துவிடுமோ என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது.

இரண்டு பேரும் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வா மாப்ள. தங்கச்சி நல்லாக்குதா? வேல இன்னா ஆச்சி?"

"ஒரு லெட்டர் வேணும் மச்சான்."

"எழுதிட்டா போச்சி. நாலு வருஷம் என் வண்டி ஓட்னான்னு போடணும், அவ்ளோதான?"

"அது மட்டும் இல்ல. அந்தக் கேசு கம்ப்யூட்டர்ல வந்துடுச்சி. அன்னைக்கு ஓட்னது நீங்கதான், நான் இல்லன்னு உங்க கையால எழுதி வாங்கியாரச் சொல்றாங்க."

அக்காவின் கை நின்றது. "இன்னும் எத்தினி வாட்டிதான் இவரு எழுதிக் குடுக்கணும்?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. புளியைப் பார்த்துக் கேட்டார். அவர் மறுபடி தட்டத் தொடங்கினார்.

அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான் கொண்டுபோன பேனா ஒழுங்காக எழுதுமா என்ற கவலைதான் இருந்தது.

மச்சான் புளிப் பிசுக்கு போகக் கையைக் கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டு, முறத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பேப்பரை வைத்து எழுதினார். நான் எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எழுதி முடித்து உரக்கப் படித்தார்.

"மேற்படி தேதியில் மேற்படி வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிச் சென்று விபத்து ஏற்படுத்தியது நான்தான். என் தங்கை கணவர் அன்று தன் வீட்டில் கைக்குழந்தையுடன் இருந்தார். அவர் நிதானமான டிரைவர்."

பிறகு சிரித்தார். "கோர்ட்ல கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிட்ச்சி மாப்ள. சரியாக்குதா?"

"சரியாக்குது."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேப்பரைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"லாரில எறக்கத்துல நியூட்ரல் போட மாட்டியே?"

"மாட்டேன்."

பேப்பரைக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அக்கா கூழ் ஊற்றினார். குடித்தேன். நல்ல பசி எனக்கு. இன்னொரு முறையும் ஊற்றச் சொல்லிக் குடித்தேன். அதை இப்போது நினைத்தால் என்மீது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை.

இரண்டு நாள் கழித்து ஆபீசில் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். ஃபாரத்தோடு சேர்த்துப் பின் அடித்தார்.

"பரவால்லங்க. தப்ப ஒத்துக்கினு எழுதிக் குடுத்துருக்காரு. இப்பவும் வண்டி ஓட்றாரா?"

"இல்லீங்க. லைசென்ஸ் போச்சி."

"அதுதான் நல்லது. ஒரு உசுரு போயிருக்குது. இந்த மாதிரி ஆளுங்க கையில வண்டியக் குடுக்கவே கூடாது. இன்னா சொல்றீங்க?"

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரல் இருந்தது.

"ஆமாங்க. குடுக்கக் கூடாதுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.