தொட்டியில் ஒரு கொடுவா

காரைக்கால் பொருட்காட்சியில் கடல்மீன்களைக் காட்டும் கண்ணாடிச் சுரங்கத்தில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். புதிதாக விட்ட கொடுவா மீன் நான்கு நாளாகத் தின்னவில்லை. அது செத்தால் எனக்கு வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அன்று மீன் விற்கும் அக்கா ஒருவர் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். முழங்கை வரை செதில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மீனுக்கும் குனிந்து செவுளைப் பார்த்தார். கொடுவாவிடம் நின்றார்.

"இதுக்கு என்னத்தடா போடுற?"

"ஐஸ் இறால்க்கா."

"அதை நீ தின்னு. இதுக்கு உயிரோட வேணும்."

மறுநாள் தூக்குவாளியில் துள்ளும் இறாலோடு வந்தார். ஒன்றைத் தொட்டியில் விட்டதும் கொடுவா ஒரே விழுங்காக விழுங்கியது.

"அட என் ராசா, எம்மாம் பெரிய வாயி!" என்று சிரித்தார். இத்தனை வருஷம் விற்றும், அது தின்று அவர் பார்த்ததில்லையாம்.

பிறகு வாசலில் வைத்திருந்த மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "கொடுவா, கொடுவா!" என்று கூவியபடி போனார். அந்தக் குரல் தொட்டி வரைக்கும் கேட்டது.